நான்கரை வயதிலும் விரல் சூப்பும் குழந்தைக்கு அந்தப் பழக்கத்தை எப்படி விடச் செய்வது?

உங்கள் மகளுக்கு நான்கரை வயது ஆகிறது என்றும், தூங்கும்போதும் தொலைக்காட்சி பார்க்கும்போதும் வலது கைக் கட்டை விரல் வாயிலேயே இருக்கிறது என்றும், கசப்பு மருந்து தடவியும் கையைத் தட்டிவிட்டும் உறவினர் முன்னிலையில் கண்டித்தும் பயனில்லை என்றும், மேல் முன்பற்கள் சற்று எத்தியிருப்பதுபோல் தெரிகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். குழந்தைகளின் பற்களைப் பார்க்கும் மருத்துவராகப் பல ஆண்டுகளாக இந்தக் கேள்வியைக் கேட்டு வருகிறேன். பெற்றோரில் சிலர் எல்லாம் கெட்டுப்போய்விட்டது என்ற அச்சத்தோடு வருகிறார்கள்; சிலர் வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டு வருகிறார்கள். உங்கள் மகளின் வயதில் அச்சமும் தேவையில்லை, விட்டுவிடவும் கூடாது. அவளுடைய நிரந்தர முன்பற்கள் முளைக்க ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு இருக்கிறது. அதற்குள் அவளே அந்த விரலை விட்டுவிடும்படி செய்ய முடியும் என்பதும், அவளுடைய சம்மதம் இல்லாமல் அதைச் செய்ய முடியாது என்பதும் என் பதிலின் சாரம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விரல் சூப்புவது உங்கள் வளர்ப்பில் நேர்ந்த குறையைக் காட்டுவதாகாது. கருவில் இருக்கும் குழந்தையே விரலை வாயில் வைத்துச் சூப்புவதை நான்காம் மாத வாக்கில் எடுக்கும் ஸ்கேன் படங்களில் பார்க்க முடிகிறது. பிறந்த குழந்தையின் கன்னத்தைத் தொட்டால் அது வாயைத் திருப்பித் தேடும். உதட்டில் பட்டதை உறிஞ்சும். பால் குடிப்பதற்காக இயற்கை கொடுத்த இந்த அனிச்சைச் செயல், பசி இல்லாத வேளையிலும் குழந்தையை அமைதிப்படுத்துகிறது. குறைமாதக் குழந்தைகளுக்கு ஊசி குத்தும்போது வலி தெரியாமல் இருக்க வெறும் ரப்பர் நிப்பிளை உறிஞ்சக் கொடுப்பது மருத்துவமனைகளில் வழக்கமாக இருப்பதற்கு இதுவே காரணம். ஹங்கேரிய மருத்துவர் லிண்ட்னர் 1879இல் இந்தப் பழக்கத்தைப் பற்றி எழுதினார். அதை எடுத்துக்கொண்டு 1905இல் ஃபிராய்ட் இதைக் குழந்தைப் பருவ இன்ப உணர்வோடு இணைத்து விளக்கினார். அதன் பிறகு நெடுங்காலம், விரல் சூப்பும் குழந்தையின் மனத்தில் ஏதோ ஆழமான குறை இருப்பதாகப் பலர் நம்பினார்கள். இன்று பெரும்பாலான மருத்துவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. களைப்பு, சலிப்பு, பயம், தூக்கம் ஆகியவற்றைக் குழந்தை தானே சமாளிக்கக் கண்டுபிடித்த எளிய வழி, நாளடைவில் பழக்கமாக ஊறிவிட்டது என்பதே இப்போதைய புரிதல்.

பெரும்பாலான குழந்தைகள் 2 வயதுக்கும் 4 வயதுக்கும் இடையில் தாமாகவே இதை விட்டுவிடுகிறார்கள். பேச்சு வளர்ந்து, கைகளுக்கு வேறு வேலைகள் கிடைத்து, கூட விளையாடப் பிள்ளைகள் சேரும்போது விரலின் தேவை குறைந்துவிடுகிறது. எனவே ஒன்றரை வயதுக் குழந்தை விரல் சூப்பினால் நான் ஒன்றுமே செய்யச் சொல்வதில்லை. அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவக் கழகம் 3 வயதுக்குள் அல்லது அதற்கு முன்பே இந்தப் பழக்கத்தை விடச் செய்வது நல்லது என்று பரிந்துரைக்கிறது. உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள். ஆகவே இப்போது முயற்சியைத் தொடங்குவது சரியான முடிவுதான்.

பற்களுக்கு என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எந்த வேளைச் சூப்புதல் அதிகத் தீங்கு செய்கிறது என்பது இதிலிருந்துதான் விளங்கும். கட்டை விரல் வாய்க்குள் போகும்போது அதன் சதைப்பகுதி மேல் அண்ணத்தையும் மேல் முன்பற்களின் பின்புறத்தையும் அழுத்துகிறது. நகத்தின் பக்கம் கீழ் முன்பற்களை உள்நோக்கித் தள்ளுகிறது. மேற்பற்கள் வெளியே எத்துகின்றன, கீழ்ப்பற்கள் நாக்கின் பக்கம் சாய்கின்றன. விரல் நடுவில் தடையாக இருப்பதால் முன்பற்கள் முழு உயரத்துக்கு இறங்க முடியாமல் நின்றுவிட, கடைவாய்ப்பற்கள் மட்டும் ஒன்றையொன்று தொடும். குழந்தை பற்களைக் கடித்துக்காட்டச் சொன்னால் முன்னால் ஒரு திறந்த இடைவெளி தெரியும். இதோடு, உறிஞ்சும்போது கன்னத் தசைகள் இருபுறமும் உள்நோக்கி இறுக்குகின்றன. வழக்கமாக அண்ணத்தோடு ஒட்டியிருந்து மேல்தாடையை அகலமாக வைத்திருக்கும் நாக்கு, விரலுக்கு இடம்விட்டுக் கீழே போய்விடுகிறது. மாதங்கள் செல்லச் செல்ல மேல்தாடை குறுகி, பக்கவாட்டுப் பற்களில் மேற்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே அமரும் நிலை உருவாகலாம்.

பல்லை நகர்த்துவதில் அழுத்தத்தின் வலிமையைவிட அது நீடிக்கும் நேரமே முக்கியம். ஒரு நாளில் பல மணி நேரம், ஏறக்குறைய 6 மணி நேரம் வரை, இலேசான அழுத்தம் தொடர்ந்து இருந்தால் பல் நகரும். பகலில் சத்தம் வரும்படி வேகமாகப் பத்து நிமிடம் சூப்பிவிட்டு விளையாடப் போகும் குழந்தையின் பற்கள் நேராக இருக்க, இரவு முழுவதும் விரலைச் சும்மா வாயில் வைத்துக்கொண்டு தூங்கும் குழந்தையின் பற்கள் எத்தியிருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஆகவே உங்கள் மகள் விஷயத்தில் தொலைக்காட்சி முன்னால் சூப்புவது கண்ணை உறுத்தினாலும், பற்களுக்கு அதிகத் தீங்கு செய்வது இரவுதான்.

ஆறுதலான செய்தியும் உண்டு. பால்பற்கள் மட்டும் இருக்கும் காலத்திலேயே பழக்கம் நின்றுவிட்டால், முன்பற்களுக்கிடையே உள்ள திறந்த இடைவெளி பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். உதடும் நாக்குமே பற்களை மெல்ல இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். குறுகிய மேல்தாடை அவ்வளவு எளிதில் தானாக விரிவதில்லை. இதை வீட்டிலேயே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். நல்ல வெளிச்சத்தில் உட்காரவைத்து, கடைவாய்ப்பற்களைச் சேர்த்துக் கடிக்கச் சொல்லி, உதட்டை மெல்ல விலக்கிப் பாருங்கள். முன்னால் இடைவெளி மட்டும் இருந்தால் காத்திருக்கலாம். பக்கவாட்டில் மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே விழுந்தாலோ, கடிக்கும்போது தாடை ஒரு பக்கமாக ஒதுங்கினாலோ, பழக்கம் நிற்கும்வரை காத்திராமல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். விரலையும் பாருங்கள்: எவ்வளவு நேரம் வாயில் இருக்கிறது என்பதை அதுவே சொல்லும். மற்ற விரல்களைவிட அது மட்டும் வெளுத்துச் சுத்தமாக, நுனி சுருங்கி, கணுவில் காய்ப்புக் காய்த்திருந்தால் சூப்பும் நேரம் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

பல்லைத் தவிர்த்த தொந்தரவுகளும் இருக்கின்றன. எப்போதும் ஈரத்தில் ஊறும் விரலில் தோல் வெடிப்பதும், நகச்சுற்று வந்து சீழ் கட்டுவதும், குடற்புழுவின் முட்டைகள் கையோடு வாய்க்குப் போவதும் சாதாரணம். முன்பற்களின் இடைவெளி வழியாக நாக்கு வெளியே வருவதால் ‘ச’, ‘ஸ’ போன்ற ஒலிகள் சில குழந்தைகளுக்குத் தெளிவாக வராது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73இல் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், சிறு வயதில் விரல் சூப்பியவர்களுக்கும் நகம் கடித்தவர்களுக்கும் பின்னாளில் தோல் பரிசோதனையில் ஒவ்வாமை சற்றுக் குறைவாகத் தெரிந்ததாக 2016இல் வெளியிட்டார்கள். ஆனால் ஆஸ்துமாவிலோ மூக்கடைப்பு ஒவ்வாமையிலோ வேறுபாடு தெரியவில்லை. பழக்கத்தை ஊக்குவிக்க அது காரணமாகாது என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். இதைக் குறிப்பிடுவதற்குக் காரணம், இதுவரை சூப்பியதால் குழந்தைக்கு எதிர்ப்பாற்றல் போய்விட்டது என்று யாரேனும் சொன்னால் நீங்கள் கலங்க வேண்டாம் என்பதுதான்.

இனி நீங்கள் இதுவரை செய்தவற்றைப் பற்றி. கையைத் தட்டிவிடுவதும் பிறர் முன்னால் கண்டிப்பதும் ஏன் பலிக்கவில்லை என்றால், கண்டித்தவுடன் குழந்தைக்கு மனம் சுருங்குகிறது. மனம் சுருங்கும்போது அவளுக்குத் தெரிந்த ஒரே ஆறுதல் விரல்தான். நோயைத் தூண்டிவிட்டு மருந்தையும் பிடுங்குவது போன்றது அது. கசப்பு மருந்தையும் அவளுக்குச் சொல்லாமலோ, அழ அழப் பிடித்துவைத்தோ தடவினால் அவள் அதைத் துடைத்துவிடுவாள், அல்லது கசப்புக்கே பழகிவிடுவாள். காரமான பொருள் எதையும் ஒருபோதும் தடவாதீர்கள். தூக்கத்தில் அதே விரலால் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். கையைக் கட்டிப்போடுவதும் கூடாது. விரலுக்குப் பதிலாக ரப்பர் நிப்பிளைக் கொடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கைக்குழந்தைக்கு என்றால், பெற்றோர் பின்னாளில் எடுத்துவிட முடியும் என்பதால் அதில் ஒரு நியாயம் உண்டு. நான்கரை வயதில் அதனால் பயனில்லை.

அடுத்து வரும் ஒரு வாரத்துக்கு எதுவும் சொல்லாமல், எதையும் தடுக்காமல், விரல் வாய்க்குப் போகும் வேளைகளை மட்டும் ஒரு தாளில் குறித்துவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். எப்போது, எங்கே, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, மற்றக் கை என்ன செய்துகொண்டிருந்தது என்ற நான்கையும் எழுதுங்கள். கடைசியாகச் சொன்னது பலருக்கு வியப்பாக இருக்கும். விரல் சூப்பும் குழந்தைகளில் பலர் மறு கையால் போர்வையின் ஓரத்தையோ பொம்மையின் காதையோ தம் முடியையோ நெருடிக்கொண்டிருப்பார்கள். அந்த இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. போர்வை கைக்கு வந்தால் விரல் தானாக வாய்க்குப் போகும். அப்படியிருந்தால் விரலோடு போராடுவதைவிட, அந்தப் போர்வையைப் பகலில் படுக்கையறையிலேயே விட்டுவைக்கும்படி செய்வது எளிது. பல வீடுகளில் அதனாலேயே பகல் நேரச் சூப்புதல் பாதியாகக் குறைந்திருக்கிறது.

அதன் பிறகு அவளோடு பேசுங்கள். வீட்டில் எல்லோரும் அமைதியாக இருக்கும் ஒரு வேளையில், விரல் வாயில் இல்லாதபோது, கண்ணாடி முன் உட்காரவைத்து அவள் பற்களை அவளுக்கே காட்டலாம். “உனக்குப் புதுப் பல் முளைக்கப்போகிறது, அதற்கு நேராக வர இடம் வேண்டும், விரல் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதை வெளியே வரவைக்க நான் உனக்கு உதவட்டுமா?” என்ற அளவில் சொன்னால் போதும். நான்கரை வயதுக் குழந்தைக்கு இது புரியும். சரி என்று அவள் சொன்னால் தொடங்குங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டு மறுபடி கேளுங்கள். அந்த இடைவெளி வீணாகப் போகாது. ஓரிரு மாதம் தாமதமாகத் தொடங்கினாலும் குழந்தை தானே சம்மதித்துத் தொடங்கியது நிலைக்கும் என்பதை நான் மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறேன். தம்பியோ தங்கையோ பிறந்த மாதத்திலும், வீடு மாறும்போதும், பள்ளியில் சேர்ந்த முதல் வாரங்களிலும், காய்ச்சலிலிருந்து தேறும்போதும் தொடங்க வேண்டாம்.

தொடக்கம் பகலில் இருக்கட்டும். விழித்திருக்கும் வேளையில் கையை அடக்கத் தெரியாத குழந்தையால் தூக்கத்தில் அடக்க இயலாது. அமெரிக்க உளவியலாளர்கள் நேதன் அஸ்ரினும் கிரிகரி நன்னும் 1973இல் பழக்கங்களை மாற்றுவதற்காக வகுத்த ஒரு முறை இதற்கு மிகவும் பொருந்தும்: பழக்கம் தலைகாட்டும் நொடியில், அதோடு சேர்ந்து செய்யவே முடியாத வேறொரு செயலைக் கைக்குக் கொடுப்பதுதான் அது. கட்டை விரலை உள்ளே மடக்கி முட்டி பிடித்து, மெதுவாக இருபது எண்ணும்வரை வைத்திருக்க அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். “விரலை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்து” என்று சொன்னால் இந்த வயதுக் குழந்தைகள் ஆசையாகச் செய்வார்கள். இதை விளையாட்டாக நாளுக்கு நான்கைந்து முறை பழக்கியிருந்தால்தான் வேண்டிய நேரத்தில் கைக்கு வரும். விரல் வாயில் இருப்பதைக் கண்டால் ‘சூப்பாதே’ என்று சொல்லாமல், இருவருக்குள் பேசிவைத்த சைகை ஒன்றைக் காட்டுங்கள். நீங்கள் உங்கள் காதைத் தொட்டால் அவள் முட்டி பிடிக்க வேண்டும் என்பதுபோல. பிறர் இருக்கும் இடத்திலும் அவள் தலைகுனியாமல் இருக்க இது உதவும். தொலைக்காட்சி நேரத்துக்கு இரண்டு கைகளும் வேண்டியிருக்கும் வேலை ஒன்றை மடியில் வையுங்கள்: பிசையும் களிமண், மணி கோர்ப்பது, அழுத்தினால் சுருங்கும் பந்து. சலிப்பில் தோன்றும் சூப்புதலுக்கு இதைவிட வேறு மருந்து தேவைப்படுவதில்லை.

நாள்காட்டியில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டும் முறை பலருக்குத் தெரியும். அதில் செய்யும் தவறு, ‘இன்று முழுவதும் சூப்பாவிட்டால் ஒரு நட்சத்திரம்’ என்று தொடங்குவது. முழு நாள் என்பது இந்த வயதுக்கு எட்டாத தூரம். முதல் வாரம், கதை கேட்கும் பதினைந்து நிமிடம் விரல் வெளியே இருந்தால் ஒரு நட்சத்திரம் என்று வையுங்கள். அது எளிதானதும் தொலைக்காட்சி நேரத்தையும், பிறகு காலைப்பொழுதையும் சேர்க்கலாம். ஒரு நாள் தவறினால் ஒன்றும் சொல்லாமல் கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஒட்டிய நட்சத்திரத்தை எக்காரணம் கொண்டும் பிடுங்க வேண்டாம். ஐந்து சேர்ந்தால் கிடைக்கும் பரிசு பொருளாக இருக்க வேண்டியதில்லை. உங்களோடு தனியாக ஒரு மணி நேரம் விளையாடுவதைத் தேர்ந்தெடுத்த குழந்தைகள் பலர். விரல் வெளியே இருக்கும்போது அதைக் கவனித்து ஒரு வார்த்தை பாராட்டுவது எல்லா நட்சத்திரங்களையும்விட வலிமையானது, ஏனென்றால் இதுவரை அவள் விரல் சூப்பியபோது மட்டுமே எல்லோருடைய கவனமும் அவள் மேல் விழுந்திருக்கிறது.

பகல் ஓரளவு கைக்குள் வந்த பிறகு, மூன்று நான்கு வாரத்தில், இரவைத் தொடுங்கள். தூக்கம் வருவதற்கு முந்திய பத்து நிமிடங்கள்தான் அவளுக்கு மிகவும் கடினமாக இருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் அருகில் இருந்து முதுகை நீவிக்கொடுப்பதோ கையைப் பிடித்துக்கொள்வதோ விரல் செய்த வேலையைச் செய்யும். அளவுக்கு மீறிக் களைத்துப்போன குழந்தை அதிகமாகச் சூப்பும் என்பதால் படுக்கும் நேரத்தைச் சற்று முன்னால் கொண்டுவாருங்கள். நினைவூட்டலாக மெல்லிய பருத்திக் கையுறை போடலாம்; அதில் அவளே படம் வரைந்துகொண்டால் தண்டனையாகத் தெரியாது. கையுறையைக் கழற்றிவிடும் குழந்தைகளுக்கு, முழங்கையைச் சுற்றி மீள்தன்மையுள்ள பேண்டேஜ் துணியைத் தளர்வாகச் சுற்றும் முறை உண்டு: கையை மடக்கினால் துணி இலேசாக இழுத்து, தூக்கத்திலேயே கை நீண்டுவிடும். இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும். விரல் நுனி குளிர்ந்தாலோ நிறம் மாறினாலோ உடனே அவிழ்த்துவிட வேண்டும். அவள் ஒப்புக்கொள்ளாமல் சுற்றவே கூடாது. கசப்பு மருந்துக்கும் இங்கே ஓர் இடம் உண்டு. அவளே விரலை நீட்டி, ‘எனக்கு மறந்துவிடாமல் இருக்கத் தடவுங்கள்’ என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டால் அது நல்ல நினைவூட்டி. ஆழ்ந்து தூங்கிய பின் விரல் வாயில் இருந்தால் எழுப்பாமல் மெல்ல எடுத்துவிடுங்கள்.

தொடர்ந்து இரண்டு வாரம் நன்றாகப் போய், ஒரு சளிக் காய்ச்சலில் எல்லாம் பழையபடி ஆகிவிடலாம். அப்போது புதிதாகத் தொடங்குவதாக நினைக்க வேண்டாம். இரண்டாம் முறை, முதலில் ஆனதில் பாதி நாட்களிலேயே பழைய முன்னேற்றத்துக்குத் திரும்பிவிடுவாள். வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்வது இந்த நாட்களில் மிக அவசியம். நீங்கள் சைகை காட்ட, இன்னொருவர் ‘இவ்வளவு பெரிய பெண்ணாகிவிட்டு இப்படியா’ என்று சொன்னால், ஒரு வாரம் சேர்த்த நம்பிக்கை போய்விடும்.

இவையெல்லாம் செய்தும் பழக்கம் நிற்காமல், 6 வயதைத் தாண்டி நிரந்தரப் பற்கள் வரத் தொடங்கிவிட்டால், மேல்தாடைக் கடைவாய்ப்பற்களில் வளையம் பொருத்தி, முன் அண்ணத்தில் மெல்லிய கம்பித் தடுப்பு வைக்கும் கருவி இருக்கிறது. விரல் அண்ணத்தில் படாததால் சூப்பும் சுகம் போய்விடும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல், 252 குழந்தைகளை உள்ளடக்கிய 6 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இத்தகைய கருவியும், பாராட்டும் நினைவூட்டலும் கொண்ட உளவியல் முறையும் ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடப் பயன் தருவதாகத் தெரிந்தது. சான்றுகள் வலுவானவை அல்ல என்றும் அவர்கள் சொன்னார்கள். கருவி பொருத்திய முதல் சில நாட்கள் பேச்சு குழறும், சாப்பிடச் சிரமமாக இருக்கும். பழக்கம் நின்ற பிறகும் சில மாதங்கள் வாயில் இருக்க வேண்டும். பயமுறுத்துவதற்காக இதைப் பற்றி இப்போதே அவளிடம் பேசாதீர்கள். பழக்கத்தை விட வேண்டும் என்று தானே விரும்பி, முடியாமல் தவிக்கும் குழந்தைக்குத்தான் அது உதவி. விரும்பாத குழந்தைக்கு அது தண்டனையாகிவிடும்.

சில அறிகுறிகள் தெரிந்தால் பல் மருத்துவருக்கு முன் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். விரல் சூப்பும்போது முடியைப் பிடுங்கி, தலையில் வழுக்கை விழுந்தாலோ, பிடுங்கிய முடியை விழுங்கினாலோ தாமதிக்கக் கூடாது. எப்போதோ விட்டுவிட்ட பழக்கம் திடீரென்று திரும்பி, கூடவே பேச்சு குறைந்து, தூக்கத்தில் அலறி, யாரையோ எதையோ கண்டு அஞ்சுவதுபோல் இருந்தால், விரலை விட்டுவிட்டு அந்த அச்சத்தின் காரணத்தைத் தேட வேண்டும். எப்போதும் வாயைத் திறந்து மூச்சுவிட்டு, இரவில் குறட்டை விடும் குழந்தைக்கு மூக்கின் பின்னால் சதை வளர்ந்திருக்கலாம்; முன்பல் இடைவெளிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

இன்றே அவள் பற்களைக் கடித்திருக்கும் நிலையில், நேராக ஒன்றும் இரு பக்கமும் ஒவ்வொன்றுமாக மூன்று புகைப்படங்கள் எடுத்துவைத்து, மாதம் ஒரு முறை அதே வெளிச்சத்தில் மீண்டும் எடுங்கள். இரவுப் பழக்கமும் நின்ற பிறகு சில மாதங்களில் இடைவெளி குறைவது படத்தில் தெரியத் தொடங்கும். ஆறு மாதமாகியும் மாற்றம் இல்லையென்றால் அந்தப் படங்களோடு பல் மருத்துவரிடம் செல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் 7 வயதில், மேல் நிரந்தர முன்பற்கள் தலைகாட்டும் நேரத்தில், பல் சீரமைப்பு மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். மேல்தாடை குறுகியிருந்தால் அதை விரிப்பது அந்த வயதில் எளிது.